மெக்கானிக்கைக் கூப்பிடுமுன்...

கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பழுதாகும் நல்ல புத்தி எந்த பில் மிஷினுக்கும் இல்லை. மாதத்தின் முதல் வாரம், மாலை நேரம் பார்த்துத்தான் மக்கர் செய்யும். உடனே சர்வீஸ் செய்பவருக்குப் போன் பறக்கிறது.

"மிஷின் செத்துப்போச்சு தம்பி, சீக்கிரம் வாங்க!"

"என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"நாங்க எதையும் தொடவே இல்லையே!"

இந்தப் பதிலைக் கேட்காத சர்வீஸ்காரர் கிடையாது. வெயிலில் வண்டி ஓட்டி வந்து பார்த்தால், மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடைப்பையன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருப்பான். இரண்டு நிமிட வேலை. அதற்குக் கூலி கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. வாங்காமல் போனால் வந்தவருக்குக் கட்டுபடியாகாது. இந்த மனக்கசப்பைத் தவிர்க்க வணிகர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைக் காண்போம்.

1. பில் வெள்ளையாக வந்தால்: தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. சூடு பட்டுக் கருக்கும் பூச்சுத்தான் எழுத்தாகிறது. சாதாரண ரோலில் அந்தப் பூச்சு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. ரோலைத் திருப்பிப் போட்டால் வெறும் தாள்தான் வரும். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கமே அச்சாகும் பக்கம். இந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும். நீங்கள் சரக்கு வாங்கிய பில் இப்படிப்பட்ட தாளில் இருந்தால் அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களைக் காப்பது நம் கடமை.

2. ஸ்கேனர் பீப் சொல்லியும் சரக்கு ஏறவில்லையென்றால்: ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டைப் போலவே வேலை செய்கிறது. திரையில் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எண்ணை எழுதும். கர்சர் வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் நின்றால், 890 என்று தொடங்கும் சோப்பு எண் அவர் பெயராகிவிடும்! முதலில் கர்சரைப் பாருங்கள்.

3. தராசு நிலையாக நிற்காவிட்டால்: மின்விசிறிக் காற்று தட்டில் படுகிறதா, தட்டின் அடியில் பருப்போ வெல்லமோ சிக்கியிருக்கிறதா, மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சீலை மட்டும் உடைக்காதீர்கள். பழுது பார்க்க உரிமம் பெற்றவரையே அழையுங்கள். பழுது பார்த்தபின் மறு முத்திரை பெற வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. திரையில் வந்த செய்தி: "ஏதோ இங்கிலீஷில் வந்தது, மூடிவிட்டேன்" என்பது வயிற்றுவலிக்காரர் வலி எங்கே என்று டாக்டரிடம் சொல்ல மறுப்பது போன்றது. செல்போனில் படம் எடுத்து அனுப்பினால், பல சமயம் அவர் வராமலே வேலை முடிந்துவிடும்.

5. கணக்கின் நகல்: மேற்சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியல்ல. "பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறதே, அதே கம்ப்யூட்டரில்!" என்கிறார்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது இது. ஹார்டு டிஸ்க் போனால் யார் எவ்வளவு பாக்கி என்பதும் அதோடு போகும். எத்தனை திறமையான மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாமல் போகலாம். தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்தபின்னும் சரியாகவில்லையென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். வருகைக் கூலியை முன்னதாகவே பேசிவிடுங்கள். வந்தவருக்குக் கூலியோடு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை தீபாவளிக் கூட்டத்தில் அழைத்தால், அவர் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவார்.