இணைய வகுப்பறை: கதவும் பதிவேடும்

வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்கள் தம் பாடங்களை இணையத்திலும் வைப்பதற்கு மூடில் என்னும் மென்பொருள் ஏற்றது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2002-இல் வெளிவந்தது. மென்பொருளுக்கு விலை இல்லை. அதை வைத்து இயக்கும் சர்வருக்குத்தான் செலவு.

பாடங்களை ஏற்றுவது எளிது. யார் காணலாம், யார் சேரலாம் என்று வகுப்பதில்தான் புதிய ஆசிரியர்கள் குழம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வகுப்பறைக்குக் கதவு உண்டு; ஆசிரியரிடம் பெயர்ப் பதிவேடு உண்டு. கதவைச் சாத்தினால் பதிவேட்டிலுள்ள பெயர்கள் அழிவதில்லை. மூடிலிலும் இவை இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன.

1. கதவு

வகுப்பின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஷோ', 'ஹைடு' என இரு தெரிவுகள் உள்ளன. 'ஹைடு' என்று வைத்தால் மாணவர் வகுப்பைக் காணவோ உள்ளே நுழையவோ இயலாது. ஆசிரியர் வழக்கம்போல் நுழைந்து வேலை செய்யலாம். மாணவரின் சேர்க்கையும் மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும். ஆகவே பாடங்களை எழுதி முடிக்கும்வரை வகுப்பை மறைத்து வைப்பது நல்லது.

வகுப்பின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகியவற்றைப் பூட்டு என்று எண்ண வேண்டாம். முடிவுத் தேதி கடந்தாலும், தனி ஏற்பாடு செய்யாத வரை, சேர்ந்த மாணவர் உள்ளே வரலாம். கதவைச் சாத்த வேண்டுமானால் 'ஹைடு' செய்யவே வேண்டும்.

2. பதிவேடு

மாணவரைச் சேர்க்க மூன்று வழிகள் பெரிதும் பயன்படும்.

அ) ஆசிரியர் தாமே சேர்ப்பது. தளத்தில் ஏற்கெனவே கணக்கு உள்ளவரையே இவ்வாறு சேர்க்க இயலும். கணக்கைத் தொடங்கித் தருவது பொதுவாகத் தள நிர்வாகியின் பணி. இருபது முப்பது பேர் உள்ள வகுப்புக்கு இவ்வழியே போதும்.

ஆ) மாணவர் தாமே சேர்வது. இதற்கு என்ரோல்மென்ட் கீ எனப்படும் சேர்க்கைச் சாவி ஒன்றை வைக்கலாம். சாவிச் சொல்லை அறிந்தவரே சேர முடியும். சாவியை மாற்றினால் இனி வருவோர்க்கே தடை. முன்பே சேர்ந்தவர் வெளியேற மாட்டார். எல்லாரும் சேர்ந்ததும் புதிய சேர்க்கையை நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

இ) விருந்தினர் நுழைவு. விருந்தினர் பாடத்தைப் படிக்கலாம். தேர்வு எழுதவோ பயிற்சி ஒப்படைக்கவோ முடியாது. பெற்றோர் மாதிரிப் பாடம் பார்க்க இது உதவும். ஆனால் பிள்ளைகளின் பெயரும் எழுத்தும் தோன்றும் கலந்துரையாடல் பகுதி அவ்வகுப்பில் இருக்குமானால் விருந்தினரை அனுமதித்தல் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது என்பதை நிர்வாகிகள் நினைவில் வைக்க வேண்டும். மாதிரிப் பாடத்துக்கென்று தனி வகுப்பு அமைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

3. நிறுத்துவதா, நீக்குவதா?

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. வெளி மாநிலத் தமிழர் பலருக்குப் பணி மாற்றம் புதிதன்று. தில்லியில் படித்துவந்த ஒரு சிறுமியின் தந்தைக்கு அக்டோபரில் குவாஹாட்டிக்கு மாற்றல் வருகிறது என்று கொள்வோம். வகுப்பிலிருந்து அவள் நின்றுவிடுகிறாள். ஆசிரியர் பட்டியலைச் சீராக்க எண்ணிப் பெயரை நீக்கிவிட்டால், மதிப்பெண் ஏட்டிலிருந்தும் அவள் பெயர் மறைந்துவிடும். பிறகு அவள் இணையவழி தொடர விரும்பிச் சேர்க்கப்படும்போது, பழைய மதிப்பெண்ணை மீட்கும் தெரிவைக் குறிக்கத் தவறினால், அரையாண்டு உழைப்பு ஏட்டில் காணாது.

இதற்குப் பதிலாக, 'பார்ட்டிசிபன்ட்ஸ்' பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'சஸ்பெண்டட்' என்று மாற்றினால் போதும். அவளால் நுழைய முடியாது. மதிப்பெண்ணும் பயிற்சிகளும் அப்படியே இருக்கும். திரும்ப வரும் நாளில் 'ஆக்டிவ்' என்று மாற்றினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தவறாகச் சேர்ந்தவரை மட்டுமே நீக்குங்கள். நின்றுபோனவரை நிறுத்தி வையுங்கள்.

தாமே சேர்ந்த மாணவர் நெடுநாள் வராவிடில் தானாக நீக்கும் ஏற்பாடும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளைகளை அது நீக்கிவிடக்கூடும். அதை அணைத்தே வைக்கலாம்.

எல்லாம் அமைத்த பின், ஆசிரியர் மாணவர் நிலைக்கு மாறிப் பார்க்கும் வசதி உண்டு. வகுப்பைத் திறக்குமுன் அவ்வாறு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பயிற்சி

1. பாதி எழுதிய வகுப்பைப் பிள்ளைகள் காணாமல் செய்வது எப்படி?
2. சேர்க்கைச் சாவி வெளியாரிடம் போய்விட்டது. செய்ய வேண்டியவை யாவை?
3. ஒரு மாணவன் தேர்வுக்காக இரண்டு மாதம் வர இயலாது என்கிறான். என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. 'ஹைடு' செய்க. 2. சாவியை மாற்றுக, பட்டியலைப் பார்த்து, முன்பே நுழைந்த வெளியாரை நீக்குக. 3. ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்.