ஜம்பிள் சேலில் ஒரு பிராட்மன்

கேள்வி: முதியோர் இல்லமொன்றுக்கு நிதி சேர்க்க எங்கள் தேவாலய மண்டபத்தில் அடுத்த மாதம் ஜம்பிள் சேல் நடக்கிறது. வந்து சேர்ந்த சாமான்களுக்குள் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய கிரிக்கெட் அட்டைகள். பிராட்மன் அட்டையும் ஒன்று இருக்கிறது. கூடவே அஸ்கிரிய மெச் டிக்கெட்டுகள், இரண்டு பாடசாலை மலர்கள். டின்னை அப்படியே ஏலம் விடப்போகிறார்களாம். மகனுக்காக வாங்க ஆசை. இப்படியான அட்டைகள் கோடிக்கணக்கில் விலைபோனதாகச் செய்தியில் பார்த்தோம். எவ்வளவு வரை கேட்கலாம்? போலியா என்று எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, பேராதனை

பதில்: கோடிக்கணக்கில் விலைபோனது அமெரிக்க பேஸ்போல் அட்டை, அம்மா. 1952இல் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டில் அட்டையொன்று 2022 ஆகஸ்ட்டில் 1 கோடி 26 இலட்சம் டொலருக்குப் போனது. எழுபது வருடம் பழையதாக இருந்தும் மூலை மழுங்காத அட்டை அது. அதற்காகப் போட்டி போடும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் அந்த நாட்டில் நிறைய.

உங்கள் டின்னில் இருப்பது பெரும்பாலும் சிகரெட் அட்டையாக இருக்கும். இங்கிலாந்தின் ஜோன் பிளேயர் கம்பனி 1930, 1934, 1938ஆம் ஆண்டுகளில் கிரிக்கெட் வீரர்களின் படங்களை ஐம்பது ஐம்பதாக வெளியிட்டது. அந்தக் காலத்துத் தோட்டத்துரைமாரின் சிகரெட் பெட்டிகளோடு மலைநாட்டுக்கு வந்தவற்றில் மிஞ்சியவையாக இருக்கலாம். போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டால் 1940இல் அந்த வழக்கமே நின்றுபோனது. ஆனால் அதுவரை அச்சிட்டுத் தள்ளிய எண்ணிக்கை மிகப் பெரியது. அதனால் பிராட்மன் அட்டையென்றாலும் பிரிட்டனில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கும். பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

அட்டை அசலா என்று பார்க்க மண்டபத்திலேயே வழி உண்டு. முதலில் அளவு: ஏறக்குறைய 68 மில்லிமீற்றர் உயரம், 36 மில்லிமீற்றர் அகலம். பின்புறத்தின் அடியில் ‘மறுபதிப்பு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சிறு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையான மறுபதிப்புகளில் அது இருக்கும். பிறகு பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடியை முகத்தின்மேல் பிடியுங்கள். நிறப்புள்ளிகள் ஒரே ஒழுங்கில் சின்னச் சின்னப் பூப்போல நிரம்பியிருந்தால் அது பிற்காலத்து அச்சு. பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சையும் அடித்துப் பாருங்கள். வெண்மையூட்டும் இரசாயனம் கடதாசிக்குள் வந்தது போருக்குப் பிந்திய காலத்தில்தான். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அந்த அட்டையை 1934 என்று நம்பாதீர்கள். கையெழுத்து இருந்தால் அதையும் கண்ணாடியில் பாருங்கள்: பேனா மை நாரில் ஊறியிருக்கும், அச்சுக் கையெழுத்து புள்ளிகளாக உடையும்.

இப்போது விலை. அறுவடைத் திருநாள் ஏலத்தில் ஒரு பலாப்பழம் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் பலாப்பழத்துக்காக மட்டும் காசு கொடுப்பதில்லை. அதேபோல ஏலத்துக்குப் போகுமுன் இரண்டு தொகையை வெவ்வேறாக எழுதிக்கொள்ளுங்கள்: அட்டைகளுக்கு இவ்வளவு, முதியோர் இல்லத்துக்கு இவ்வளவு. இரண்டையும் கூட்டிய தொகைதான் உங்கள் எல்லை. இதைச் செய்யாதவர்கள் ஏலச்சூட்டில் ஏற்றிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஏமாந்துவிட்டோம் என்று வருந்துவார்கள்.

என் கண் போவது டிக்கெட்டிலும் மலரிலும்தான். கண்டியின் முதல் டெஸ்ட் 1983 ஏப்ரல் 22இல் அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவோடு தொடங்கியது. இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றோம். 1996 மார்ச் 6இல் அதே மைதானத்தில் கென்யாவுக்கு எதிராக 398 ஓட்டங்கள் குவித்தோம், அரவிந்த 145. 398 என்ற அந்த ஒருநாள் சாதனை பத்து வருடம் நின்றது. 2007 டிசம்பர் 3இல் முரளி தன் 709ஆவது விக்கெட்டை எடுத்து வோர்னை முந்தியதும் அங்கேதான். இந்த நாட்களின் டிக்கெட்டுகளைப் பெரும்பாலானவர்கள் பொக்கெட்டிலேயே கசக்கித் தொலைத்திருப்பார்கள். ஜோன் பிளேயர் அட்டைபோல அவை உலகமெங்கும் பரவிக் கிடக்கவில்லை. பாடசாலை மலர்களையும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி அணிப் படத்தில் இளம் முரளிதரன் நின்றால், அந்தப் பழுப்பேறிய மலருக்கு டின்னிலுள்ள அட்டைகள் எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

அப்படியொன்று கண்ணில் பட்டால், ஏலத்துக்கு முன்பே நடத்துபவர்களிடம் சொல்லிவிடுங்கள். பெறுமதி தெரியாதவரிடம் மலிவாக வாங்குவதுதான் சாமர்த்தியம் என்று சேகரிப்பாளர்களில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். வியாபாரியிடம் அதைச் செய்யலாம். பொருளை அறிந்து விற்பது அவர் தொழில். இங்கே குறைகிற ஒவ்வொரு ரூபாயும் ஒரு முதியவரின் மருந்துக் காசு. மலரைத் தனியாக ஏலம் விடும்படியும், அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேளுங்கள். உங்கள் கைக்குக் கிடைக்காமல் போகலாம். மகன் கூடவே நின்று பார்ப்பான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் அல்பத்தில் ஒட்டிய சிகரெட் அட்டைகள் இருக்கின்றன. பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. கழற்றி லெமினேட் செய்யலாமா? பழம்பொருள் என்று அரசாங்கத்திடம் பதிய வேண்டுமா?
— ஒரு வாசகர், மாத்தளை

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலிருந்து சகலதையும் லெமினேட் செய்வது நம் வழக்கமாகிவிட்டது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, அட்டையின் விலையும் அன்றோடு போய்விடும். பிளேயர்ஸ் அட்டைகள் சிலவற்றில் கோந்து பூசியே விற்றார்கள். அல்பத்தில் ஒட்டத்தான் அது. நீரில் நனைத்துக் கழற்றினால் பின்பக்க எழுத்து உரியும். அல்பத்தோடு இருக்கட்டும், அதுவும் ஒரு சரித்திரம்தான். பழுப்புப் புள்ளி ஈரத்தால் வருவது. நம் மலைநாட்டில் சுவரோடு சேர்ந்த அலுமாரிதான் கடதாசிக்கு முதல் எதிரி. அல்பத்தை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பைகளை இடைக்கிடை மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதமொருமுறை திறந்து பாருங்கள்.

பதிவைப் பற்றிப் பயம் வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்ட பொருட்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. தாத்தா புகைத்த சிகரெட்டின் அட்டை அதற்குள் வராது.