பாலிஸ்டிக், குரூஸ்: பாதையில்தான் வித்தியாசம்

கேள்வி: செய்திகளில் ஒருநாள் ‘பாலிஸ்டிக் ஏவுகணை’ என்கிறார்கள், மறுநாள் ‘குரூஸ் ஏவுகணை’ என்கிறார்கள். இரண்டும் குண்டைச் சுமந்துபோய் இலக்கைத் தாக்குபவைதானே, என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பாலிஸ்டிக் ஏவுகணையில் ராக்கெட் மோட்டார் தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான் எரியும். அதற்குள் தேவையான வேகத்தையும் திசையையும் கொடுத்துவிட்டு மோட்டார் கழன்றுவிடும். பிறகு வெடிமுனை, கையை விட்ட கல்லைப் போல, புவியீர்ப்பு இழுக்கும் வளைவில் பயணம் செய்து கீழே இறங்கும். நம் அக்னி-5 இந்த வகை. 2012 ஏப்ரல் 19 அன்று ஒடிசா கடற்கரைக்கு அப்பாலுள்ள தீவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டபோது, அது விண்வெளிக்குள் ஏறி, 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சுமார் 20 நிமிடங்களில் இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. ராக்கெட்டுக்குத் தேவையான ஆக்ஸிஜனும் எரிபொருளோடு சேர்ந்தே இருக்கும். அதனால் காற்றே இல்லாத உயரத்திலும் அது எரியும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். வளிமண்டலத்துக்குள் அந்த வேகத்தில் நுழையும்போது முனைப்பகுதி ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறும். அதைத் தாங்கும் வெப்பக் கவசத்தைச் செய்யத் தெரியாத நாட்டால் நெடுந்தூர பாலிஸ்டிக் ஏவுகணை செய்ய முடியாது.

குரூஸ் ஏவுகணை அடிப்படையில் ஓர் ஆளில்லா விமானம். பெரும்பாலானவற்றுக்குச் சிறகு உண்டு. ஜெட் இன்ஜின் காற்றை உள்ளிழுத்துக் கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அது வளிமண்டலத்தை விட்டு வெளியேற முடியாது. ஆனால் வழியில் திரும்பலாம், வளையலாம், மலைக்குப் பின்னால் மறைந்து போகலாம். அமெரிக்காவின் டோமஹாக் மணிக்கு 880 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய ஒரு பயணிகள் விமானத்தைப் போலத்தான் பறக்கிறது. வித்தியாசம் உயரத்தில். தரையிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில், கீழே உள்ள மேடுபள்ளங்களை நினைவில் வைத்திருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டபடி அது வழி கண்டுபிடிக்கும்.

கேள்வி: இரண்டில் எதைத் தடுப்பது கடினம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்கள் லண்டன்வாசிகள். ஜெர்மனி 1944 ஜூன் 13 முதல் வி-1ஐயும், அதே ஆண்டு செப்டம்பர் 8 முதல் வி-2வையும் அந்த நகரத்தின் மீது ஏவியது. வி-1 இன்றைய குரூஸ் ஏவுகணைகளின் முன்னோடி, வி-2 பாலிஸ்டிக் ஏவுகணைகளின் முன்னோடி. இரண்டும் சுமார் ஒரு டன் எடையுள்ள வெடிமுனையைத்தான் சுமந்தன.

வி-1 மணிக்கு 640 கிலோமீட்டர் வேகத்தில் இரைந்துகொண்டு வரும். மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். இரைச்சல் சட்டென்று நின்றால், அது தலைக்கு மேலே விழப்போகிறது என்று அர்த்தம். ஓடி ஒளியச் சில விநாடிகள் இருந்தன. போர் விமானங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் ஆயிரக்கணக்கான வி-1களை வீழ்த்தின. வி-2 ஒலியைவிட வேகமாக வந்ததால் முதலில் வெடித்தது, வந்த சத்தம் பிறகுதான் கேட்டது. பறந்துகொண்டிருந்த ஒரு வி-2வைத் தடுக்க அன்று எந்த வழியும் இருக்கவில்லை.

இன்று கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. பாலிஸ்டிக் ஏவுகணை கிளம்பும்போது எழும் தீப்பிழம்பை விண்வெளியிலுள்ள அகச்சிவப்புச் செயற்கைக்கோள் உடனே கண்டுபிடிக்கும். உயரத்தில் பறப்பதால் ரேடாருக்கும் தொலைவிலேயே தெரியும். எங்கே விழும் என்று கணக்கிடவும் முடியும். தெரிந்தும், அந்த வேகத்தில் வருவதை அடிப்பதுதான் கடினம். குரூஸ் ஏவுகணையில் நிலைமை தலைகீழ். பார்த்துவிட்டால் சாதாரணப் போர் விமானமே வீழ்த்திவிடும். பார்ப்பதுதான் கடினம், ஏனென்றால் பூமி உருண்டை; தாழப் பறப்பது அதன் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

2024 ஏப்ரல் 13 இரவு ஈரான் இஸ்ரேலைத் தாக்கியபோது இது கண்ணெதிரே தெரிந்தது. மெதுவாகப் பறக்கும் ட்ரோன்கள் பல மணி நேரம் முன்பே கிளம்பின. பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு அதே தூரத்தைக் கடக்கக் கால் மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட குரூஸ் ஏவுகணைகளில் ஒன்றுகூட எல்லைக்குள் நுழையவில்லை என்று இஸ்ரேல் ராணுவம் அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பாலிஸ்டிக் ஏவுகணைகளில் சில மட்டும் தப்பி, நெவாடிம் விமானத் தளத்தில் விழுந்தன.

கேள்வி: தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு பிரம்மோஸ் வந்திருக்கிறது. அது ஒலியைப் போல மூன்று மடங்கு வேகமாம். அப்படியானால் அது பாலிஸ்டிக்தானே?
– பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: இல்லை, பிரம்மோஸ் குரூஸ் வகைதான். வேகத்தை வைத்து வகை பிரிப்பதில்லை. திட எரிபொருள் பூஸ்டர் அதை உந்திவிட்டுக் கழன்றதும், ராம்ஜெட் இன்ஜின் காற்றை உள்ளிழுத்து இலக்கு வரை ஓடுகிறது. வேகம் மாக் 2.8, அதாவது ஒலியைப் போல 2.8 மடங்கு. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட 222ஆம் படைப்பிரிவின் சுகோய்-30 விமானங்கள் சுமப்பது இதைத்தான். இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனமான பிரம்மோஸைத் தொடக்க ஆண்டுகளில் தலைமையேற்று நடத்தியவர் குமரி மாவட்டத்துக்காரரான சிவதாணு பிள்ளை.

அதன் பலத்தை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். ஒரு போர்க்கப்பலின் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிரம்மோஸ் கடலுக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவு காரணமாக, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவுக்கு வந்த பிறகுதான் அது ரேடாரில் படும். விநாடிக்குச் சுமார் 950 மீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 36 விநாடி போதும். கப்பலில் இருப்பவர்கள் அதை அடையாளம் கண்டு, முடிவெடுத்து, எதிர் ஏவுகணையை அனுப்ப அவ்வளவுதான் அவகாசம்.

கேள்வி: இதெல்லாம் ராணுவத்தின் கவலை. பொதுமக்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், அம்மா. நம் பாதுகாப்புக்கான ஓர் ஒப்பந்தத்தின் எல்லையே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை நடத்துவதென்றால் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபரில் கையெழுத்திட்டன. சோதனையைத் தாக்குதல் என்று எண்ணி யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. கையெழுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாகிஸ்தான் ‘பாபர்’ குரூஸ் ஏவுகணையை, இந்தியாவிடம் சொல்லாமலேயே சோதித்திருந்தது.

2022 மார்ச் 9 அன்று நம் பக்கமிருந்து ஒரு பிரம்மோஸ் தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நடந்தது விபத்து என்று இந்தியா வெளிப்படையாக அறிவிக்க இரண்டு நாள் ஆனது. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவே நடந்த சம்பவம் இது. வருகிற ஏவுகணையின் முனையில் என்ன இருக்கிறது என்று எந்த ரேடாரும் சொல்லாது. அன்று எதிர்த்தரப்பு நிதானம் இழந்திருந்தால் அதன் விலையைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் எல்லையின் இருபுறமும் உள்ள சாதாரண மக்கள்.

குரூஸ் ஏவுகணைகளையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். தவறுதலாக ஒன்று கிளம்பிவிட்டால் அந்த நிமிடமே எதிர்த்தரப்புக்குத் தொலைபேசியில் சொல்லும் நடைமுறையும் வேண்டும். இதற்கு எந்த நாடும் தன்னிடமுள்ள ஒரு ஏவுகணையைக்கூட விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அடுத்த முறை பாதுகாப்பு பற்றிப் பேசி வாக்கு கேட்க வருபவர்களிடம், எத்தனை ஏவுகணை இருக்கிறது என்பதோடு இதையும் கேளுங்கள்.