மாதர் இயக்க முன்னோடிகளின் தனி ஆவணங்கள்

1938ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. அது நியமித்த 29 துணைக்குழுக்களுள் ஒன்று, திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்களின் பங்கை ஆராய்வதற்கென 1939இல் ஏற்பட்டது. ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே அதன் தலைவர். பெண்ணைத் தனியொரு குடிமகளாகவும் உழைப்பாளியாகவும் கருத வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும். வீட்டில் அவள் செய்யும் வேலைக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்பன அத்துணைக்குழு வலியுறுத்திய கருத்துகள். அறிக்கை 1947இல் நூலாக வெளிவந்தது.

ஆயினும் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கியபோது, பெண்கள் பெரும்பாலும் சமூக நலப்பணியின் பயனாளிகளாகவே கருதப்பட்டனர். 1971இல் மத்திய அரசு பெண்களின் நிலை பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. புல்ரேணு குஹா தலைவராகவும் வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலாளராகவும் பணியாற்றிய அக்குழு 1974இல் தன் அறிக்கையை அளித்தது. ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்னும் விகிதம் 1901இல் 972 ஆக இருந்து 1971இல் 930 ஆகக் குறைந்துவிட்டதை அது எடுத்துக்காட்டியது. முந்தைய தலைமுறை எழுப்பிய வினாக்கள் பல, முப்பது ஆண்டுகளுக்குப் பின் புதியனபோல் மீண்டும் எழுந்தன. 1939ஆம் ஆண்டுத் துணைக்குழுவின் பணியை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக விவாதிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நினைவு அறுபட்ட இயக்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அந்த நினைவைக் காக்கும் சாதனங்களுள் முக்கியமானவை, பெண்ணுரிமைக்காக உழைத்தவர்கள் விட்டுச்சென்ற தனி ஆவணங்கள்.

தனி ஆவணம் என்பது எது?

அரசு அலுவலகங்களில் உருவாகும் கோப்புகள் பொது ஆவணங்கள். ஒருவர் தம் வாழ்நாளில் எழுதியும் பெற்றும் சேர்த்தும் வைத்தவை தனி ஆவணங்கள். கடிதங்கள், நாட்குறிப்புகள், சொற்பொழிவுக் குறிப்புகள், கூட்ட நடவடிக்கைகள், துண்டுப் பிரசுரங்கள், புகைப்படங்கள், வரவு செலவுக் கணக்குகள் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

சட்டப் புத்தகத்தில் முடிவு மட்டுமே இருக்கும். முடிவுக்கு வந்த வழியை இத்தகைய தாள்களே காட்டுகின்றன. பெண்ணின் திருமண வயதை 14 என்று நிர்ணயித்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. அதன் விதிகளை எவரும் படித்தறியலாம். ஆனால் அதற்கு ஆதரவு திரட்ட மாதர் சங்கங்கள் யாருக்கு எழுதின, எவரெவர் தயங்கினர், எந்த வாதம் பலித்தது என்பனவற்றைக் கடிதக் கட்டுகளில்தான் தேட வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டியின் ஆவணங்கள்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1926இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் மேற்கொண்ட முயற்சி 1927இல் ஒரு தீர்மானமாகத் தொடங்கியது. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதையொட்டி அவர் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால முயற்சி அது.

அவருடைய ஆவணங்கள் புது தில்லி தீன்மூர்த்தி இல்லத்தில் உள்ள நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1964இல் நேரு நினைவு அருங்காட்சியகம், நூலகம் என்ற பெயரில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 2023 முதல் பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம் என்று வழங்குகிறது. ராஜ்குமாரி அம்ரித் கௌர், ஹன்சா மேத்தா, ரேணுகா ராய் ஆகியோரின் ஆவணங்களும், 1927இல் புனாவில் முதல் மாநாட்டை நடத்திய அகில இந்திய மாதர் சங்கத்தின் ஆவணங்களும் அங்கே உள்ளன. பொட்டுக்கட்டு ஒழிப்பின் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் பலர் முத்துலட்சுமி ரெட்டியின் தாள்களைப் பயன்படுத்தியுள்ளனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அச்சட்டத்தை எதிர்த்துத் தேவதாசியர் சிலர் சங்கம் கூட்டி அரசுக்கு விண்ணப்பித்தனர். அதே குலத்தில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ, அவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடி 1936இல் ஒரு நாவல் எழுதினார். அம்மையாரை நாம் பெரிதும் அறிவது அந்நாவலாலும் அக்கால இயக்கப் பத்திரிகைகளாலுமே. ஒருவருடைய கட்டு பத்திரமாக இருந்து மற்றவர்களுடையது கிடைக்காவிடில், வரலாறு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆவணக் காப்பகம் எல்லாத் தரப்பையும் சேகரிக்க வேண்டுவது இதனால்தான்.

எழுதாதவர்களின் வரலாறு

கல்வியும் ஓய்வும் சொந்த அலமாரியும் உடையவர்களே தாள்களைச் சேர்த்துவைக்க இயலும். வயலிலும் ஆலையிலும் உழைத்துக்கொண்டே போராடிய பெண்களிடம் கடிதக் கட்டுகளை எதிர்பார்க்க முடியாது. அவர்களுடைய ஆவணம் அவர்களது வாய்மொழியே.

1940களில் தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் ஈடுபட்ட பெண்களை ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்னும் குழுவினர் நேரில் கண்டு, அவர்கள் கூறியவற்றை 1986இல் தெலுங்கு நூலாக வெளியிட்டனர். டாக்டர் அம்பேத்கரின் இயக்கத்தில் பணியாற்றிய தலித் பெண்களின் அனுபவங்களை ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் தேடித் திரட்டி, 1989இல் மராத்தியில் அளித்தனர். இவை அன்று பதிவாகாவிடில், நினைவுடையோர் மறைந்தபின் என்றும் கிடைத்திரா.

பம்பாயில் 1988இல் நிறுவப்பட்ட ஸ்பாரோ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகம் இப்பணியையே முதன்மையாகக் கொண்டது. தமிழில் அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் இதனை நிறுவினர். வாய்மொழிப் பதிவுகள், புகைப்படங்கள், சுவரொட்டிகள், நூல்கள் முதலியன இங்கே சேகரிக்கப்படுகின்றன.

அழியும் தாள்கள்

விடுதலைக்குப் பிந்தைய இயக்கத்தின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. மலிவான தாளில் சைக்ளோஸ்டைல் செய்த அறிக்கைகள் மஞ்சளாகி, மடிப்பில் உடைகின்றன. மதுரா என்னும் பழங்குடிப் பெண் தொடர்பான பாலியல் வன்முறை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கண்டித்து, 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அது நாடெங்கும் பரவி, கிளர்ச்சியைத் தூண்டி, 1983ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தத்துக்கு வழிகோலியது. ஒரு கடிதம் இத்தனை மாற்றத்தை விளைவித்தது. அக்கிளர்ச்சியில் ஊர் தோறும் வழங்கிய துண்டறிக்கைகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பர்?

சட்டத்தின் பாதுகாப்பும் இவற்றுக்குக் குறைவு. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அரசின் ஆவணங்களை நிர்வகிப்பதற்கானது. தனியார் வசமுள்ள தாள்களை நன்கொடையாகவோ விலைக்கோ ஏற்க அது இடமளிக்கிறது. அவற்றைக் காக்குமாறு உரியவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. வீடு மாறும்போதும் பாகம் பிரிக்கும்போதும் நிலப்பத்திரம் பெட்டிக்குள் போகிறது. பாட்டியின் கடிதங்கள் பழைய காகித வியாபாரியிடம் போகின்றன.

குடும்பத்தினரும் சங்கங்களும் செய்யத்தக்கவை

முதலாவதாக, தாள்களின் வரிசையைக் கலைக்கலாகாது. எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருந்தது என்பதும் ஒரு செய்தியே. அடித்துத் திருத்திய நகல்களையும் கணக்குச் சீட்டுகளையும் பயனற்றவை என்று கழிக்கக்கூடாது.

இரண்டாவதாக, துருப்பிடித்த குண்டூசிகளையும் இறுகிய ரப்பர் வளையங்களையும் மெல்ல அகற்ற வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை தாளைக் கறைப்படுத்திவிடும். ஈரச் சுவர், வெயில், கறையான் இம்மூன்றும் எட்டாத இடத்தில், அமிலமற்ற உறைகளிலோ அட்டைப் பெட்டிகளிலோ வைப்பது நலம்.

மூன்றாவதாக, பெட்டிவாரியாக ஒரு பட்டியல் எழுத வேண்டும். புகைப்படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் இருக்கும்போதே பெயரும் ஆண்டும் ஊரும் குறித்துவிட வேண்டும். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல் தனித்தாளில் எழுதுவது நன்று. பழைய ஒலிநாடாக்களைத் தாமதமின்றிக் கணினிப் பதிவாக மாற்ற வேண்டும்.

நான்காவதாக, ஆவணங்களை ஒப்படைக்குமுன் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மாதர் சங்கங்களின் கோப்புகளில், கணவனின் கொடுமை தாளாமல் அடைக்கலம் நாடிய பெண்களின் மனுக்கள் இருக்கக்கூடும். உதவி வேண்டி எழுதினார்களே அன்றி, ஊரார் படிக்க அவர்கள் எழுதவில்லை. அத்தகைய தாள்களைக் குறிப்பிட்ட காலம்வரை மூடிவைக்கவும், பெயரை மறைத்துப் பயன்படுத்தவும் நிபந்தனை விதிக்கலாம்.

காப்பகங்களின் கடமை

பெண்ணின் கடிதங்கள் கணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ உள்ள தொகுப்பில் ஒரு சிறு உட்பிரிவாக அமைந்துவிடுவதுண்டு. அவளுடைய பெயரைத் தேடிவருபவருக்கு அவை அகப்படுவதில்லை. பட்டியல்களை மீண்டும் ஆராய்ந்து அவரவர் பெயரில் குறிப்பு எழுதுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. மாநில மொழிகளில் உள்ள தாள்களுக்கு அம்மொழியிலேயே பட்டியல் தயாரிப்பதும், மாவட்ட அளவில் சேகரிப்பு முகாம்கள் நடத்துவதும், கல்லூரி மாணவியரை வாய்மொழி வரலாற்றுப் பதிவில் பயிற்றுவிப்பதும் பயன் தரும்.

மகளிர் மேம்பாட்டுக்கென இன்று தீட்டப்படும் திட்டங்களுக்கும் முன்வரலாறு உண்டு. எது முயலப்பட்டது, எங்கே தடைபட்டது, யார் எதிர்த்தனர், என்ன காரணம் கூறினர் என்பதைத் திட்டமிடுவோர் அறிந்தால், நடந்த வழியிலேயே மீண்டும் நடக்கும் வீண்செலவு குறையும். 1939ஆம் ஆண்டுத் துணைக்குழு அச்சிட்ட அறிக்கையே நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. அச்சேறாத தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவை நாட்டின் பல வீடுகளில், பரண்மேல் தகரப் பெட்டிகளில் இன்றும் இருக்கின்றன. கறையானுக்கு முன்னால் நாம் அவற்றை அடைய வேண்டும்.