பழைய மின்னணுக் கருவிகளின் நிலைத்த பயன்

பழைய வால்வு, பழைய மீட்டர், பழைய கண்டன்சர் ஆகியவற்றைக் கண்டவுடன் கழிவுப் பொருள் என்று ஒதுக்குவோர் உண்டு; பழமை ஒன்றையே காரணமாகக் கொண்டு போற்றுவோரும் உண்டு. விஞ்ஞான நோக்கில் இவ்விரண்டும் பொருந்தா. ஒரு கருவியின் மதிப்பு அதன் வயதைப் பொறுத்ததன்று. அதன் இயல்புகள் எவ்வளவு திட்டமாக அறியப்பட்டுள்ளன, இன்றும் அவற்றை அளந்து சரிபார்க்க இயலுமா என்பவற்றையே பொறுத்ததாகும்.

சரித்திர மதிப்பு என்பது வேறு. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலிருந்து கரையோரமாக வடக்கே சென்று, திருவனந்தபுரத்தைக் கடந்தால் தும்பாவை அடையலாம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் அமைந்த இவ்விடத்திலிருந்து 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி என்னும் ராக்கெட் செலுத்தப்பட்டது. தொடக்க நாட்களில் அந்நிலையத்தின் அலுவலகமாகப் பயன்பட்ட மாதா கோயில் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே பழம்பொருள்கள் காட்சிக்குரியவை. இங்கு ஆராயப்படுவதோ, பழைய கருவி இன்றும் வேலை செய்வதனால் பெறும் மதிப்பு.

எவை நீடிக்கும், எவை நலியும்?

எல்லா உறுப்புகளும் ஒரே விதமாக மூப்படைவதில்லை. உட்புறம் வெற்றிடம் கெடாதிருப்பின், பயன்படாது வைக்கப்பட்ட வால்வு பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் இயங்கக்கூடும். அப்பிரகத்தைத் தகடாகக் கொண்ட கண்டன்சர்களும், மாங்கனின் கம்பியால் சுற்றப்பட்ட மின்தடைகளும் நெடுங்காலம் தம் அளவில் நிலைத்திருக்கும். செம்பு, மாங்கனீசு, நிக்கல் ஆகியவை கலந்த மாங்கனினின் மின்தடை, வெப்ப மாறுதலால் மிகச் சிறிதளவே மாறுபடுவது இதற்குக் காரணம்.

காகிதக் கண்டன்சரோ ஈரத்தை ஈர்த்து மின்சாரத்தைக் கசியவிடும். கரிக்கலவை மின்தடையின் அளவு நாளடைவில் உயரும். மின்பகு கண்டன்சரின் திரவம் உலர்ந்துபோகும்; அதன் அலுமினியத் தகட்டின் மீதுள்ள ஆக்ஸைடு படலமும் உபயோகமின்றி இருந்தால் நலிவுறும். அத்தகைய கண்டன்சருக்கு முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் அது சூடேறி வெடிக்கக்கூடும். பூவார் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிப்பதால், அங்கு இக்குறைகள் விரைவில் தோன்றுகின்றன.

மீட்டரும் அளவும்

பழைய மீட்டரின் பயனை விளக்க ஓர் எளிய கணக்கு போதும். 100 வோல்ட் மின்னழுத்தம், 1,00,000 ஓம் மின்தடையின் வழியாக ஒரு முனைக்கு வருவதாகக் கொள்வோம். அம்முனையிலிருந்து வேறு மின்னோட்டம் எடுக்கப்படவில்லை. வோல்ட்டுக்கு 1,000 ஓம் உணர்திறன் கொண்ட பழைய முள் மீட்டரை 100 வோல்ட் வரம்பில் வைத்தால், அதன் மின்தடையும் 1,00,000 ஓம் ஆகும். ஆகவே அது 50 வோல்ட் என்றே காட்டும். ஒரு கோடி ஓம் மின்தடையுள்ள இன்றைய இலக்க மீட்டரோ ஏறத்தாழ 99 வோல்ட் காட்டும்.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. மீட்டர் தானே சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பழைய வானொலிப் பெட்டியின் பழுதுபார்ப்பு அட்டவணை எந்த மீட்டரைக் கொண்டு தயாரிக்கப்பட்டதோ, அதன் உணர்திறனை அறியாமல் புதிய மீட்டரால் அளப்பவர், நல்ல உறுப்பைப் பழுதென்று கழற்றி எறிய நேரும். நீண்டகாலப் பதிவேடுகளுக்கும் இது பொருந்தும். கருவியை மாற்றும்போது பழையதும் புதியதும் சிறிது காலம் அருகருகே இயங்காவிடில், பழைய அளவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடுதல் அரிதாகும்.

கோலாரிலிருந்து உதகைக்கு

அறியப்பட்ட பழைய உறுப்பு புதிய விஞ்ஞானத்துக்கு உதவியமைக்கு உதகமண்டலத்தில் சிறந்த சான்று உண்டு. 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், புரோட்டான் சிதைவைத் தேடி ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதில் பயன்பட்ட எஃகுக் குழாய்கள் பின்னர் உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் 'கிரேப்ஸ்-3' காஸ்மிக் கதிர் ஆய்வில் மீண்டும் இடம்பெற்றன.

ஒவ்வொரு குழாயும் 6 மீட்டர் நீளமும், 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர வாயும் உடையது. உள்ளே ஆர்கான், மீத்தேன் வாயுக்களும், நடுவே மெல்லிய டங்ஸ்டன் கம்பியும் உள்ளன. மியூயான் என்னும் துகள் குழாயினூடே செல்லும்போது வாயு அயனிகளாகப் பிரிகிறது; கம்பியில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. வாயுவைப் புதுப்பிக்கலாம், துடிப்பை எண்ணும் மின்சுற்றை மாற்றலாம், குழாயில் எளிதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை.

இவ்வாறு 3,712 குழாய்களைக் கொண்ட கருவியால், 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேல் வந்த இடிமேகம் ஒன்றில் மியூயான்களின் எண்ணிக்கை குறைந்தது பதிவாயிற்று. அதனைக் கொண்டு மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் எனக் கணிக்கப்பட்டு, 2019-இல் வெளியிடப்பட்டது. குழாய்கள் சுரங்கத்தோடு கைவிடப்பட்டிருப்பின், அதே பணிக்கு அவ்வளவு குழாய்களையும் புதிதாகச் செய்யவேண்டியிருந்திருக்கும்.

பாதுகாக்கும் முறை

கல்லூரி ஆய்வுக்கூடங்களும் பழுதுபார்ப்போரும் பழைய கருவியை விலக்குமுன் அதனை அளந்து பார்த்தல் நன்று. அளவு, நாள், ஒப்பிடப்பட்ட கருவி ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றைக் கருவியோடு கட்டிவைக்க வேண்டும். சுற்றுப்படமும் விளக்கநூலும் உடன் இருத்தல் இன்றியமையாதது. நெடுநாள் கிடந்த வால்வுக் கருவியில் காகிதக் கண்டன்சர்களையும் மின்பகு கண்டன்சர்களையும் முதலில் சோதித்து, பழுதானவற்றை மாற்றியபின், மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துக. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சரில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஆதலால் தக்க மின்தடை வழியாக அதனை வெளியேற்றிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

சீட்டில்லாப் பழைய கருவி வெறும் சுமை. இயல்பு அளந்து குறிக்கப்பட்ட கருவியோ அடுத்த ஆராய்ச்சிக்குரிய மூலதனமாகும்.