சத்தம் போடாத வாத்தியக்காரர்



கண்டக்டர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எலக்ட்ரிகல் நண்பர்கள் செம்புக் கம்பி என்பார்கள். தினமும் படிக்கட்டில் தொங்கி வரும் நாமெல்லாம் பஸ் கண்டக்டரைத்தான் நினைப்போம். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் சின்னக் குச்சியோடு நிற்பாரே, அவர்!

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதை டி.வி. செய்தியில் பார்த்துவிட்டு, கட்டட வேலைக்குப் போகும் எங்க அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, எல்லாரும் வாசிக்கிறாங்க. அந்த ஆளு மட்டும் சும்மா கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாரே, எதுக்கு?" எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். ஆனால் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

பொறியியல் மாணவர்களின் இசைக்குழு

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் எம்.ஐ.டி. இருக்கிறது (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை!). அங்கே மாணவர்கள் வாசிக்கும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா உண்டு. 1955-ல் கிரெஸ்கி அரங்கம் திறக்கப்பட்டபோது, ஆரன் கோப்லண்ட் அதற்கென்றே எழுதிய இசையை, பேராசிரியர் கிளாஸ் லீப்மன் நடத்த, இந்த மாணவர்கள்தான் முதன்முதலில் வாசித்தார்கள். அந்த அரங்கின் கூரை ஒரு கோளத்தின் எட்டில் ஒரு பங்கு; மூன்றே முனைகளில் நிற்கும் மெல்லிய கான்கிரீட் ஓடு. சிவில் நண்பர்கள் கவனிக்க!

1965 முதல் 1998 வரை இந்தக் குழுவின் கண்டக்டர் டேவிட் எப்ஸ்டீன். இசையில் காலம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து 1995-ல் ஒரு நூலும் எழுதினார். ஒரே படைப்பின் வெவ்வேறு வேகங்கள் 1:2, 2:3 போன்ற எளிய விகிதங்களில் பொருந்தும் என்பது அவர் கருத்து. நம்ம கியர் ரேஷியோ போல!

குச்சிக்கு என்ன வேலை?

மேடையின் அகலம் 17 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர். ஓர் ஓரத்துச் சத்தம் மறு ஓரம் போக 0.05 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு சுரத்துக்கு 0.125 விநாடிதான். காதை மட்டும் நம்பினால் பின்தங்கிவிடுவோம். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் எல்லார் கண்ணும் குச்சி மேல்!

இன்னொன்று. வாசிப்பவர் முன்னால் இருப்பது அவரவர் பகுதி மட்டும். எல்லாருடைய பகுதியும் ஒன்றாக எழுதிய முழுத் தாள் கண்டக்டரிடம்தான் இருக்கும். அது நம்ம அசெம்பிளி டிராயிங்!

ஒரே ஒரு தட்டு

டுவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி 1893-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. சுமார் 40 நிமிடம் ஓடும். அதில் சிம்பல் எனும் பெரிய தாளத்தட்டுக்கு வேலை ஒரே ஒரு முறைதான். அதுவரை அவர் சும்மா உட்காரவில்லை, எண்ணிக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரு தட்டைத் தவறவிட்டால்?

நான் தவறவிட்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெஞ்ச் வைஸ் செய்தோம். திருகு என் வேலை, நட்டு நண்பனுடையது. என் டிராயிங்கில் பிட்ச் 4 மி.மீ., அவனுடையதில் 5 மி.மீ. அவன் கையில் இருந்தது திருத்தாத பழைய தாள். முதல் நாளே என் கண்ணில் பட்டது. 'நான் தமிழ் மீடியம், தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன், கேட்டால் சிரிப்பார்கள்' என்று வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மாட்டிப் பார்த்தால் திருகு ஏறவே இல்லை. ஐந்து பேர் உழைப்பும் வீண். வேலை தெரியாமல் கெடவில்லை நண்பர்களே, நான் பேசாததால் கெட்டது.

அப்பாவிடம் சொன்னேன்: "ஆளாளுக்கு அவங்க பகுதிதான் தெரியும்ப்பா. மொத்தமும் தெரிஞ்சவர் அவர்தான்."

அப்பா சிரித்தார். "எங்க மேஸ்திரின்னு சொல்லு. ஆனா செங்கல் குறையுதுன்னு சித்தாள் சொன்னாத்தானே மேஸ்திரிக்குத் தெரியும்!"

படிக்காத அப்பா சொன்ன பாடம் இது. நமக்கும் ஒரு தட்டு உண்டு. எண்ணிக்கொண்டிருப்போம். நேரம் வரும்போது தயங்காமல் தட்டுவோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை