மகன் விளையாடும் கவுண்டர்-ஸ்ட்ரைக், நான் விளையாடியதுதானா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் நெற்கபேயில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 விளையாடியே பாதிப் பின்னேரங்களைக் கழித்தவன் நான். லண்டனுக்கு வந்த பிறகு 'குளோபல் ஒஃபென்சிவ்' கொஞ்சக் காலம். இப்போது மகன் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பைத்தியம். சிநேகிதன் வீட்டில்தான் விளையாடுகிறான், எங்கள் மக்கில் அது ஓடாதாம், புதுக் கொம்பியூட்டர் வேண்டுமாம். "இதுவரை வந்ததிலேயே இதுதான் திறம் அப்பா" என்கிறான். நானும் போய் விளையாடிப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்து விழுகிறேன். பழைய ருசி இல்லை. எனக்கு வயது போய்விட்டதா, விளையாட்டுக் கெட்டுவிட்டதா? கொம்பியூட்டர் வாங்கலாமா?
— வாசகர் ஒருவர், வெம்பிளி

பதில்: தம்பி, காசு விசயத்தை முதலில் முடிப்போம். இந்த ஒரு விளையாட்டுக்காக வாங்காதீர்கள். படிப்புக்கு எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது, 8 ஜிபி நினைவகம், 85 ஜிபி வெற்றிடம், சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளையாட்டு இலவசம். மக் பற்றி மகன் சொன்னது உண்மை. மக்கிலும் மிகப் பழைய கணினிகளிலும் விளையாடியவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் 1 வீதம்கூட இல்லை என்று சொல்லி, விளையாட்டை வெளியிடும் வால்வ் நிறுவனம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

இனி ருசிக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு 'பழசு' இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறீர்கள். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மேல் 1999 இல் கட்டிய இலவச ஒட்டுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். வால்வ் அதை வாங்கி 2000 இல் கடைக்குக் கொண்டுவந்தது. நீங்கள் நெற்கபேயில் விளையாடிய 1.6 வந்தது 2003 இல். குளோபல் ஒஃபென்சிவ் 2012 ஓகஸ்டில் வந்தபோது 1.6 ஆட்கள் அதையும் இப்படித்தான் வைதார்கள். அடுத்த வருடம் துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் 'ஸ்கின்' வந்த பிறகுதான் கூட்டம் கூடியது. அன்று அதைத் திட்டியவர்களில் பலர் இன்று அதையே பொற்காலம் என்கிறார்கள். ஆகவே புதுசைப் பழிக்கும் குரலை நான் பாதி விலைக்குத்தான் எடுப்பேன்.

ஆனால் புதியதில் உள்ள புகை இருக்கிறதே, அதற்கு முழு விலை கொடுப்பேன். முன்பு புகைக்குண்டு எறிந்தால் ஒவ்வொருவர் திரையிலும் புகை கொஞ்சம் வேறுமாதிரித் தெரியும். உங்களுக்கு அவன் தெரியமாட்டான், அவனுக்கு உங்கள் தலை தெரியும். இப்போது புகை எல்லோருக்கும் ஒன்று. அறையின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிறைகிறது, வாசலால் வெளியே வழிகிறது. நடுவில் ஒரு கைக்குண்டைப் போட்டால் ஒரு கணம் ஓட்டை விழுந்து எதிரி தெரிகிறான், பிறகு மூடிக்கொள்கிறது. இருபது வருடம் ஒரே விளையாட்டை விளையாடியவனுக்கும் புதிதாக யோசிக்க ஒரு காரணம் கிடைத்தது. மகன் "திறம்" என்பது இதற்காகத்தான் என்றால் அவன் பக்கம் நான்.

செத்து விழும் கதை வேறு. குளோபல் ஒஃபென்சிவ்வில் வால்வின் சேர்வர் ஒரு விநாடிக்கு 64 தடவைதான் உலகத்தைப் பார்த்தது. நுணுக்கம் வேண்டியவர்கள் 128 தடவை பார்க்கும் தனிச் சேர்வர்களுக்குப் போனார்கள். அவற்றில் பெயர்பெற்ற ஃபேசிற் லண்டனில் தொடங்கிய நிறுவனம். புதியதில் 'சப்-டிக்' என்ற முறை வந்தது: இரண்டு பார்வைகளுக்கு இடையில் எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதும் பதிவாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இணையம் வழி வரும் தாமதத்தை அது ஒழிக்கவில்லை. எதிரியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியே நிற்கிறீர்கள், அவன் சுட்டது சரி என்று சேர்வர் தீர்ப்பளிக்கிறது. வெள்ளவத்தையில் உங்களுக்கு இது நடக்காததற்குக் காரணம் 1.6 இன் மேன்மை அல்ல. சேர்வர் அதே அறையில், ஒரு வயர் தூரத்தில், இரண்டு கதிரை தள்ளி இருந்தது. சுடப்பட்டவனின் கூச்சலும் அங்கேயே கேட்டது. நீங்கள் தேடும் ருசியில் பாதி அந்த வயரில் இருந்தது, தம்பி.

ஆட்டத்தின் நீளமும் குறைந்துவிட்டது. 2018 செப்டெம்பரில் உங்கள் வெம்பிளி அரீனாவில் ஃபேசிற் மேஜர் இறுதிப்போட்டி நடந்தது. டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ், உக்ரைனின் நாவியை 2–0 என்று வென்றது. அப்போது 16 ரவுண்ட் வென்றால்தான் ஒரு மேப். 2024 ஜூனில் அதே மண்டபத்தில் பிளாஸ்ட் போட்டி நடந்தபோது 13 போதும். பார்க்க வருபவர்களுக்கு இது நல்லது, நடுவில் கொட்டாவி விடும் பகுதி போய்விட்டது. விளையாடுபவனுக்கு அவ்வளவு நல்லதல்ல. இரு பாதிகளின் தொடக்கத்திலும் வரும் கைத்துப்பாக்கி ரவுண்ட் இரண்டையும் தோற்றால் எழும்பி வர இடமில்லை.

என் மனக்குறை வேறிடத்தில். முன்பெல்லாம் புதியது வந்தால் பழையது பக்கத்திலேயே இருக்கும். 2023 செப்டெம்பர் 27 அன்று குளோபல் ஒஃபென்சிவ் இருந்த இடத்திலேயே புதியது வந்து உட்கார்ந்தது. 'டேஞ்சர் ஸோன்' என்ற ஆட்டமுறை போனது. துப்பாக்கியை இடது கையில் பிடிக்கும் வசதிகூட அடுத்த ஏப்ரலில்தான் திரும்பியது. ஒரு வருடம் இரண்டையும் அருகருகே விட்டிருந்தால் நீங்களும் மகனும் சண்டையில்லாமல் ஒப்பிட்டிருக்கலாம்.

ஆக, விளையாட்டாக அது தன் முன்னோருக்குக் குறைந்ததல்ல, வெளியிட்ட விதம்தான் குறை. 1.6 வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. விண்டோஸ் உள்ள பழைய லப்டொப் இரண்டைக் கேபிளால் இணைத்து மகனை எதிரே இருத்துங்கள். அங்கே நீங்கள் ஒளிந்தால் ஒளிந்ததுதான்.

கேள்வி: இதே விளையாட்டில் 'கேஸ்' எனும் அதிர்ஷ்டப் பெட்டி திறக்க என் மகன் காசு கேட்கிறான். கொடுக்கலாமா?
— ஓர் அம்மா, ஹரோ

பதில்: வேண்டாம் அக்கா. ஒரு சாவிக்கு ஏறத்தாழ இரண்டரை டொலர். சீனச் சட்டத்துக்காக வெளியிட்ட கணக்கின்படி மிக அரிய பரிசான கத்தி விழும் வாய்ப்பு 0.26 வீதம், அதாவது ஏறத்தாழ நானூறு தடவை திறந்தால் ஒன்று. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 2018 இல் இதை நிறுத்தினார்கள். பிரித்தானிய அரசு சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று 2022 இல் முடிவெடுத்தது, ஆகவே இங்கே காவல் நீங்கள்தான். "விற்று லாபம் எடுப்பேன்" என்று அவன் சொன்னால், 2025 ஒக்டோபரில் வால்வ் ஒரு விதியை மாற்றியதும் கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்ததைச் சொல்லுங்கள். ஸ்டீமின் குடும்ப அமைப்பில் அவனைப் பிள்ளைக் கணக்காகச் சேர்த்துவிட்டால், அவன் ஸ்டீம் கடைக்குள் போவதை நீங்கள் கட்டுப்படுத்தலாம்.